காலையில என்ன சாப்பிட்ட?

போன மாதம் தஞ்சாவூரில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. நான் ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஓடிவிட்டது. பழைய ஆள் ஒருத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்கும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கால்பந்தில் தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு இளம் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இப்போதெல்லாம் சில போட்டிகளில், தலையில் அடிபட்டவளுக்குப் பதிலாக இன்னொரு ஆளை, மாற்று ஆட்கள் கணக்கில் சேர்க்காமலே இறக்கலாமாம். நல்ல விஷயம்தான். என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றையும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

டீ குடிக்கும்போது ஒரு சின்னப் பெண், புதிதாக வேலைக்கு வந்த டீச்சர், என்னிடம் கேட்டாள், இதெல்லாம் வருவதற்கு முன்னால் உங்கள் கிளப்பில் என்ன செய்வீர்கள் என்று. தண்ணீர் தெளித்து எழுப்பி உள்ளே தள்ளுவோம் என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் எங்கள் கிளப்பில் அப்படி நடக்கவில்லை. நடந்தது என்ன என்று டீ ஆறுவதற்குள் சொல்லிமுடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கிளப்பைத் தொடங்கியது எஸ்தர் டீச்சர். கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில் பெண்கள் பள்ளியில் அவர்தான் விளையாட்டு டீச்சர். நான் அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவள். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்தது வாலிபாலும் கோகோவும். கால்பந்தை எஸ்தர் டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பள்ளியில் நன்றாக ஆடுகிற பெண்கள் ப்ளஸ் டூ முடித்ததும் காணாமல் போய்விடுவார்கள். ஒருத்தி திருப்பூருக்கு, ஒருத்தி கல்யாணத்துக்கு, மீதிப் பேர் வயலுக்கு. அது டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பழைய மாணவிகள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, புடவையோடு, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அவர் ஊருக்குள் நுழைந்தால் பெண்ணைப் பெற்றவர்கள் கொல்லைப்பக்கமாக நழுவுவார்கள். அவரோ வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார், போகச் சொன்னால் போகமாட்டார்.

மழைக்காலத்தில் பள்ளி மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அறுவடை முடிந்த வயலில் ஆடலாம் என்றால் அதற்குள் உளுந்து தெளித்திருப்பார்கள், கால் வைத்தால் சண்டைக்கு வருவார்கள். அதனால் கோடை முழுக்கக் கொள்ளிடத்து மணலில் ஓடினோம். மணலில் ஓடிய கால் புல்தரையில் எப்படிப் பறக்கும் என்பதைப் பட்டணத்து டீம்கள் பிற்பாடு தெரிந்துகொண்டன.

எஸ்தர் டீச்சர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தாழ்ந்த குரலில்தான் பேசுவார். காதில் விழ வேண்டுமென்றால் பெண்கள் கிட்டே வந்தாக வேண்டும். கழுத்தில் விசில் தொங்கும், ஊதுவது அபூர்வம். கோபம் வந்தால் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். அதைப் பார்த்தாலே நான் பந்துகளை எண்ணப் போய்விடுவேன்.

எங்கள் பெண்களில் பாதிக்கு மேல் நடவுக்குப் போகிறவர்கள். பின்வரிசையில் ஆடிய நான்கு பேரும் நடவுக்காரிகள்தான். நடவில் எல்லாரும் ஒரே வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் போவார்கள். பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரிசை கோணாமல் போகும். எதிரணி பந்தோடு வரும்போது எங்கள் தடுப்பு வரிசையும் அப்படியே அழகாகப் பின்னால் போகும். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள்.

தொல்லையும் அதில்தான் இருந்தது. கால்பந்தில் தடுப்பு வரிசை சில நேரம் சட்டென்று முன்னால் ஏற வேண்டும். அப்போது எதிரணிக்காரி நமக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வாள், ஆஃப்சைடு கொடி தூக்குவார்கள். எங்கள் பெண்களுக்கு முன்னால் ஏறக் காலே வராது. நட்ட நாற்றை மிதிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து வாங்கிய திட்டு உடம்பில் ஊறிப்போயிருந்தது. நான் தொண்டை கிழியக் கத்துவேன், அவர்கள் பின்னாலேயே போய்க் கோல்கீப்பர் மடியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

எஸ்தர் டீச்சரும் வயல்வேலை செய்த வீட்டுப் பிள்ளைதான். ஒருநாள் நால்வரையும் கிட்டே கூப்பிட்டு, களை பறிக்கும்போது எந்தப் பக்கம் போவீர்கள் என்று கேட்டார். முன்னால் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் டீமில் இரண்டே கட்டளை. 'நடவு' என்றால் வரிசை பின்னால் போகும். 'களை' என்றால் நான்கு பேரும் ஒரே அடியாக முன்னால் ஏறுவார்கள். எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர்கள் இதென்னடா விவசாயக் கூட்டமா என்று முழிப்பார்கள்.

அந்தக் குரல் கொடுக்கிறவள் செல்வராணி. நடுவில் நிற்பாள். நல்ல உயரம், அதைவிடத் திமிர். அவள் அம்மா அஞ்சலை நடவுக்கு ஆள் கூட்டிப்போகிற கொத்துக்காரி, மகளுக்குக் குரல் அங்கேயிருந்து வந்தது. பந்து எங்கே போகும் என்று அவளுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரியும். அவள் 'களை' என்றால் கொடி ஏறிவிடும். என்னை அக்கா என்பாள், என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறப்பாள். எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். மறைக்க ஒன்றுமில்லை.

நாகப்பட்டினத்தில் மாநில அளவில் கோப்பைப் போட்டி நடந்த வருஷம் நாங்கள் முதல்முறையாக அரை இறுதிக்குப் போனோம். இறுதி ஆட்டம் பார்க்க மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு நடுத்தடுப்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. யாரை மனதில் வைத்து வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். செல்வராணிக்கும் தெரியும். வயசு வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். அஞ்சலை ஊர்ப் பெண்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு நாகூர் தர்காவுக்கும் போய்விட்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அரை இறுதியில் ஒரு கோல் முன்னணியில் இருந்தோம். கடைசி நேரத்தில் உயரமாக வந்த பந்துக்குச் செல்வராணியும் எதிரணிப் பெண்ணும் சேர்ந்து எம்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்கு வெளிக்கோட்டில் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். நான் ஓடிப்போவதற்குள் செல்வராணி எழுந்துவிட்டாள், கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றாள். ஆட்டமும் முடிந்தது. ஜெயித்துவிட்டோம். வேனில் வந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சுற்றிக்கொண்டிருக்க, எஸ்தர் டீச்சர் மட்டும் செல்வராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் வந்து, "மேட்ச் முடிஞ்சிடுச்சாக்கா?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்து அதையே மறுபடி கேட்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் டீச்சருக்கு ஒரு முறை உண்டு. அடிபட்டவளை நிழலில் உட்காரவைப்பார். தானும் எதிரில் தரையில் உட்காருவார். ஒரு பார்வையில் கூட்டத்தைக் கலைத்துவிடுவார். கையைப் பிடிப்பது, தடவிக்கொடுப்பது, ஒன்றும் கிடையாது. அவள் மூச்சு சீராகிற வரைக்கும் பேசாமல் இருப்பார். அப்புறம்தான் கேட்பார். அன்றைக்குக் கூட்டம் கலையவில்லை, அஞ்சலை முந்திக்கொண்டாள்.

"நம்ம வயலுக்கு எந்த மடையிலேர்ந்துடி தண்ணி?" என்றாள் மகளிடம்.

அது அவர்கள் புதிதாகச் சொந்தமாக வாங்கிய நிலம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் நட்ட குடும்பத்துக்கு முதல் வயல். செல்வராணி கடகடவென்று சொன்னாள், எந்த மடை, யார் வயலைத் தாண்டி வர வேண்டும், மேலண்டை வரப்பில் யார் வீட்டுத் தென்னை சாய்ந்து கிடக்கிறது, இந்த வருஷம் என்ன நெல் போட்டார்கள் எல்லாம். சுற்றி நின்ற பெண்களுக்கு உயிர் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் புத்தி தெளிவாக இருக்கிறானா என்று பார்க்க வயலைப் பற்றித்தான் கேட்போம். மடையைச் சரியாகச் சொல்லிவிட்டால் அதற்குமேல் டாக்டர் எதற்கு. நானும் நிம்மதியாகத்தான் மூச்சுவிட்டேன்.

எஸ்தர் டீச்சர் காத்திருந்தார். எல்லாரும் ஓய்ந்த பிறகு கேட்டார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

செல்வராணி அம்மாவைப் பார்த்தாள். இட்லி என்றாள். டீச்சரின் முகத்தைப் பார்த்து, இல்லை பொங்கல் என்றாள். அன்று காலை நாங்கள் தங்கியிருந்த கூடத்தில் போட்டது உப்புமா. அதில் உப்பே இல்லை. இவள்தான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றாள். டீமே வயிறு வலிக்கச் சிரித்தது. அந்தக் காலை அவளிடம் இல்லவே இல்லை.

"நாளைக்கு நீ ஆட வேண்டாம்" என்றார் டீச்சர்.

ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன். டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், ஸ்கேன் எடுத்தால்தான் எதுவும் சொல்ல முடியும், அதற்குத் தஞ்சாவூர் போக வேண்டும் என்றார். தூங்கும்போது ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார். எஸ்தர் டீச்சர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

விடிந்ததும் செல்வராணி குளித்து, தலை பின்னி, ஜெர்சியும் மாட்டிக்கொண்டு டீச்சர் முன்னால் வந்து நின்றாள். தலைவலி இல்லையாம். மயக்கம் இல்லையாம். கேட்காமலே ஒப்பித்தாள், நேற்றுக் காலை உப்புமா, உப்பு இல்லை, சமையல்காரரோடு சண்டை போட்டேன் என்று. பின்னால் கோல்கீப்பர் நூர்ஜகான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் பாடம் சொல்லிக்கொடுத்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

"உப்புமா நினைவு இருக்கு, சரி. நீ கரண்டியைப் பிடுங்கினப்ப அவர் என்ன சொன்னாரு?" என்றார் டீச்சர்.

பாடம் அது வரைக்கும் போகவில்லை. செல்வராணி நூர்ஜகானைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். ஆனால் அன்றைக்கு அவர் கோபப்படவில்லை, கட்டின முடிச்சையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அஞ்சலை பேசிய பேச்சை எழுத முடியாது. படித்த உங்களுக்கு என்ன, மாசமானால் சம்பளம், என் மகள் வாழ்நாள் முழுக்கச் சேற்றிலேயே கிடக்க வேண்டுமா என்று கேட்டாள். மடையையே சொல்கிறவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்கிறாயே, உனக்குத்தான் கலங்கியிருக்கிறது என்றாள். டீச்சர் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார்.

எனக்கே ஆற்றாமை. மைதானத்துக்கு நடக்கும்போது கேட்டுவிட்டேன், பாதி ஆட்டமாவது ஆடட்டுமே டீச்சர் என்று. அப்போதுதான் அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். எழுந்து உட்கார்ந்து, வந்தவர்கள் பெயரையெல்லாம் சொன்னாராம். எந்த வயல், எந்த மாடு என்று கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாராம். மரத்தில் எதற்கு ஏறினோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஏறினவர் தலைசுற்றி விழுந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

இதை அஞ்சலையிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என் வீட்டுச் சாவைச் சொல்லி அவங்க வாயை அடைக்கக் கூடாது ஜெயா. பொண்ணுக்கு நேத்து காலைல நடந்தது தெரியல. அது போதும்" என்றார்.

இறுதி ஆட்டத்தில் செல்வராணி என் பக்கத்தில் பெஞ்சில் இருந்தாள். அவளுக்குப் பதிலாக நின்ற பெண்ணுக்கு இடம் தெரியும், குரல் வரவில்லை. எதிரணி பந்தோடு வரும்போதெல்லாம் எங்கள் வரிசை பின்னால் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. செல்வராணி தாங்கமாட்டாமல் எழுந்து, "களை!" என்று ஒரு கத்துக் கத்தினாள். பெஞ்சிலிருந்து கத்தக் கூடாது என்று நடுவர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவள் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். எங்கள் கோலுக்கு முன்னாலேயே நின்று ஒருத்தி நிதானமாகப் பந்தை உள்ளே தள்ளினாள். நால்வரில் ஒருத்தி ஓர் அடி முன்னால் வைத்திருந்தால்கூட… சரி, அதைப் பேசி என்ன ஆகப்போகிறது. தோற்றுப்போனோம். தேர்வாளர்கள் எதிரணியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததை செல்வராணி பார்த்தாள். டீம் பஸ்ஸில் ஏறாமல் அம்மாவோடு வேனில் போய்விட்டாள்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது.

இதை எழுதும்போது வாசிக்கிறவர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்கேனில் ஏதாவது இருந்திருந்தால் எஸ்தர் டீச்சர் தெய்வமாகியிருப்பார். ஒன்றுமில்லாததால் ஊரே அவரைத் திட்டியது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை உப்புமாவுக்காகக் கெடுத்தவள் என்று டீக்கடையில் பேசினார்கள். நல்லது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் டீச்சர்தான். அன்று அவர் சர்ச்சில் வெகுநேரம் இருந்தார்.

செல்வராணி திரும்பி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். அவளுக்கு ஆடாமல் இருக்க முடியாது. ஆனால் டீச்சரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் எதைச் சொன்னாலும் "சரிங்க டீச்சர்" என்பாள், அதோடு சரி. கோப்பையை முதல்முறை ஜெயித்தபோதும் அதே "சரிங்க டீச்சர்"தான். மறுவருஷமும் ஜெயித்தோம். எங்கள் பெண்கள் ரயில்வேக்கும் போலீஸுக்கும் வேலைக்குப் போனார்கள். மணல் டீம் என்று கிண்டல் செய்தவர்கள் எங்களோடு பயிற்சி ஆட்டம் ஆட நாள் கேட்டார்கள். டீச்சரிடம் அந்த இரண்டு வார்த்தைக்குமேல் பேசாமலே செல்வராணி வருஷக்கணக்கில் தலைவியாக இருந்தாள். எனக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தூது போயே பாதி ஆயுசு போயிற்று. டீச்சர் ஓய்வு பெற்றபோது கிளப்பை அவளிடம்தான் கொடுத்தார். அப்போதும் அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இப்போது இந்தப் பருவத்துக்கு வருகிறேன். பேராவூரணியில் ஒரு ஆட்டம். செல்வராணியின் டீமில் நன்றாக ஆடுகிற முன்வரிசைப் பெண் ஒருத்திக்குத் தலையில் அடி. இவள் அவளை நிழலில் உட்காரவைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். அட்டையில் உள்ள கேள்விகளையும் கேட்டாளாம், ஆனால் கடைசியில் எஸ்தர் டீச்சர் கேட்டதைத்தான் கேட்டாளாம். பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வெளி மாநிலக் கிளப்பிலிருந்து ஆள் பார்க்க வருவதாக இருந்தது. செல்வராணி அவளை இறக்கவில்லை. மறுநாள் ஸ்கேன். ஒன்றுமில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, டிபன் பாக்ஸையெல்லாம் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு என் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டேங்குதுக்கா" என்றாள்.

எத்தனை நாளைக்கு என்று என்னைக் கேட்காதே, உனக்கே தெரியும் என்றேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன். எனக்கும் ஆதங்கம் இருக்காதா. அவள் அழுதாள். அப்போதுதான் டீச்சருடைய அண்ணனைப் பற்றி அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றாள். சொல்லியிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா என்றேன். இல்லை என்றாள். அன்று இரவு என் வீட்டிலேயே தங்கினாள். காலையில் டீச்சரைப் பார்க்கப் போகலாம் என்று அவளாகச் சொன்னாள்.

எஸ்தர் டீச்சர் இப்போது பொறையாறில் தம்பி மகன் வீட்டில் இருக்கிறார். நான் அவ்வப்போது போவேன், அதனால் அவர் எப்படி இருக்கிறார் என்று வழியிலேயே செல்வராணியிடம் சொல்லிவைத்தேன். பழைய டீமில் யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்று இன்றைக்கும் சொல்வார். கொள்ளிடத்தில் எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று சொல்வார். இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தார் என்றால், அது அவருக்குத் தெரியாது. தம்பி மருமகள் பாவம், ஒரு நாளைக்கு நாலு தடவை அவரிடம் நீங்கள் சாப்பிட்டாயிற்று பெரியம்மா என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கால் வீங்கியிருந்ததால் ஷூ இல்லை. செல்வராணி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகவேகமாக நடந்து வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மன்னிப்புக் கேட்க என்னவெல்லாமோ யோசித்து வந்திருந்தாள்.

"டீச்சர், நான் செல்வராணி" என்றாள்.

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் தலையைப் பார்த்தார். தம்பி மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், டீச்சரின் ஒரே பார்வையில் உள்ளே போய்விட்டாள். நானும் கதவோரம் ஒதுங்கினேன். அவர் காத்திருந்தார். செல்வராணியின் மூச்சு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

"இட்லி டீச்சர். தக்காளிச் சட்னி. ஜெயாக்கா வீட்டுல."

டீச்சர் என் பக்கம் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப சரி" என்றார். "நாளைக்கு நீ ஆடலாம்."

"சரிங்க டீச்சர்" என்றாள் செல்வராணி.